வாசகர் கேள்வி, நம் பதில்: டியூப்ஷீட்டில் தடிமனைவிடத் துளைதான் முக்கியம்

இந்த முறை முழுப் பக்கமும் ஒரே பொருளுக்குத்தான். ஷெல் அண்ட் டியூப் வகை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் நூற்றுக்கணக்கான டியூப்களின் முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் துளைத் தகட்டைத்தான் டியூப்ஷீட் என்கிறோம். ஷெல் பக்கம் ஓடுவதும் டியூப் பக்கம் ஓடுவதும் கலந்துவிடாமல் காப்பதும் அதுதான். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தடிமனையும் கிரேடையும் பற்றியவை. துளையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. எக்ஸ்சேஞ்சர் ஒழுகுவது என்னவோ பெரும்பாலும் துளையில்தான், அதனால் நான் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

கேள்வி: டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கணக்கில் டியூப்ஷீட் தடிமன் 52 மி.மீ. வருகிறது. மேலதிகாரி "எதற்கும் 70 போட்டுவிடு" என்கிறார். தடிமன் கூடினால் பாதுகாப்பு கூடத்தானே செய்யும்?

எல்லா இடத்திலும் கூடாது. முதலில் அந்தத் தகடு என்ன சுமையைத் தாங்குகிறது என்று பாருங்கள். 1 மீட்டர் விட்டம், ஒரு பக்கம் மட்டும் 10 பார் அழுத்தம் என்றால் தகட்டின் மேல் விழும் விசை கிட்டத்தட்ட 80 டன். அதை ஒரு தட்டையான தகடு வளைந்துகொடுக்காமல் தாங்க வேண்டும், அதுவும் உடம்பெல்லாம் துளையோடு. 25.4 மி.மீ. பிட்சில் (ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை உள்ள தூரம்) 19.05 மி.மீ. டியூப் போட்டால் இரண்டு துளைகளுக்கு நடுவே மிஞ்சும் உலோகம், அதாவது லிகமென்ட், பிட்சில் கால் பங்குதான். அதனால்தான் அழுத்தக் கலன்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பான ஏ.எஸ்.எம்.இ. கோடில் துளையிட்ட தகட்டை, அதைவிட இளகிய ஒரு முழுத் தகடாகப் பாவித்துக் கணக்குப் போடுகிறார்கள்.

ஆனால் தகடு தனியாகத் தாங்குவதில்லை. இரண்டு பக்கமும் ஷெல்லோடு வெல்ட் செய்த ஃபிக்ஸட் டியூப்ஷீட்டில் டியூப்களே ஒரு தகட்டை இன்னொன்றோடு இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. டியூப்கள் யூ வடிவில் வளைந்து அதே தகட்டுக்குத் திரும்பும் யூ-டியூபில் அந்த ஆதரவு கிடையாது, எனவே அதே அழுத்தத்துக்கு யூ-டியூப் தகடு தடிமனாகத்தான் வரும். இதில் பலர் தடுமாறுகிறார்கள், பழைய ஃபிக்ஸட் வேலையின் தடிமனை எடுத்து யூ-டியூப் டிராயிங்கில் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது 70க்கு வருவோம். தடிமன் கூடக் கூட இரண்டு முகங்களுக்கும் நடுவே வெப்பநிலை வித்தியாசம் கூடும், வெப்ப இறுக்கமும் கூடும். சூடான வாயுவிலிருந்து நீராவி எடுக்கும் வேஸ்ட் ஹீட் பாய்லர்களில் வேண்டுமென்றே மெல்லிய, வளைந்துகொடுக்கும் டியூப்ஷீட்டைப் போட்டு, வாயு பக்கம் ரிஃபிராக்டரியும் (சூடு தாங்கும் பூச்சு) டியூப் வாயில் ஃபெரூலும் (வாயைக் காக்கும் குட்டிக் குழல்) வைப்பது இதனால்தான். அங்கே "எதற்கும் இருக்கட்டும்" என்று தடிமனாக்கினால் வெடிப்பை நாமே அழைக்கிறோம். சாதாரண வேலையிலும் ஆழமான துளை அதிகம் விலகும், டிரில்லிங் நேரம் கூடும், தகட்டுக்குள் புதைந்த டியூப் நீளம் வெப்பப் பரிமாற்றத்துக்கும் உதவாது.

ஃபிக்ஸட் வகையாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். கார்பன் ஸ்டீல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் நீளும், 304 ஸ்டெயின்லெஸ் சுமார் 17. 6 மீட்டர் நீளத்தில் இரண்டும் 100 டிகிரி சூடானால் ஷெல் 7 மி.மீ. சொச்சம் நீளும், டியூப் 10 மி.மீ. நீளும். அந்த 3 மி.மீ. சண்டை டியூப் இணைப்பில்தான் நடக்கும், அதைத் தகட்டின் தடிமனால் தீர்க்க முடியாது. ஷெல்லில் நீண்டு சுருங்கும் மடிப்பான எக்ஸ்பான்ஷன் பெல்லோஸ் வைக்க வேண்டும், அல்லது ஒரு முனைத் தகடு ஷெல்லோடு ஒட்டாமல் நகரும் ஃப்ளோட்டிங் ஹெட்டுக்கோ யூ-டியூபுக்கோ போக வேண்டும்.

உங்கள் 52இல் இரண்டு பக்க அரிப்பு அலவன்ஸும் (அரித்துப்போவதற்கென்று கூட்டிவைக்கும் தடிமன்) பாஸ் பார்ட்டிஷன் குரூவின் (டியூப் பக்கத்தைப் பிரிக்கும் தடுப்பு உட்காரும் பள்ளம்) ஆழமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குரூவ் வழக்கமாக 5 மி.மீ. அளவு ஆழம், மறந்துபோவது அதுதான். எக்ஸ்சேஞ்சர் தயாரிப்பாளர் சங்கமான டீமாவின் விதிகளில் ஆர் வகுப்பு (பெட்ரோலிய ஆலை போன்ற கடின வேலைக்கானது) என்றால் அரிப்பு அலவன்ஸ் போக மிஞ்சும் தடிமன் டியூபின் வெளிவிட்டத்துக்குக் குறையக் கூடாது, மொத்தத் தடிமன் 19 மி.மீ.க்குக் கீழே போகவே கூடாது. இதெல்லாம் சேர்ந்தும் 52 என்றால் கடையில் கிடைக்கும் அடுத்த தடிமனை எடுத்து, இரு முகத்தையும் மெஷின் செய்ய இடம் விட்டு ஆர்டர் போடுங்கள். 70 கேட்பவரிடம் எந்தச் சுமைக்காக என்று மரியாதையாகக் கேட்கலாம், தப்பில்லை.

கேள்வி: பிளேட்டில் வெட்டினால் போதுமா, ஃபோர்ஜிங்தான் (அடித்து உருவாக்கிய துண்டு) வேண்டுமா? ஃபோர்ஜிங் வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது.

தகடு ஷெல்லோடு எப்படிச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே போல்ட்டில் நிற்கும் தட்டையான டியூப்ஷீட்டுக்கு அல்ட்ராசோனிக் சோதித்த நல்ல பிளேட் தாராளமாகப் போதும். ஷெல்லையோ, டியூப் பக்கத் திரவம் நுழையும் பெட்டியான சேனலையோ தகட்டின் முகத்திலேயே வெல்ட் செய்யும்போதுதான் கவனம் வேண்டும். உருட்டிய பிளேட்டுக்குள் இருக்கும் அசுத்தங்கள் நசுங்கிப் படலம் படலமாகப் படுத்திருக்கும். நீளவாக்கில் இழுத்தால் ஒன்றும் தெரியாது, தடிமன் திசையில் இழுத்தால் அந்தப் படலங்கள் பிரியலாம். முகத்தில் போட்ட வெல்ட் இழுப்பது சரியாக அந்தத் திசையில்தான்.

ஷெல்லோடு பட் வெல்ட் செய்ய ஹப் (தகட்டிலிருந்தே எழும் கழுத்து) வைத்த டியூப்ஷீட் என்றால் பொது விதி ஃபோர்ஜிங்தான். உருட்டிய பிளேட்டிலிருந்து ஹப் கடைந்தெடுப்பதை ஏ.எஸ்.எம்.இ. எட்டாம் பிரிவு சாதாரணமாக அனுமதிப்பதில்லை, கூடுதல் சோதனைகளோடு சில விலக்குகள் மட்டும் உண்டு. அந்த விலக்கைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஆர்டர் போடும் முன்பே இன்ஸ்பெக்டரிடம் பேசிவிடுங்கள், தகடு வந்தபின் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கார்பன் ஸ்டீலில் பிளேட் என்றால் எஸ்.ஏ. 516 கிரேடு 70, ஃபோர்ஜிங் என்றால் எஸ்.ஏ. 266 கிரேடு 2, இவைதான் வழக்கம். ஃபோர்ஜிங் என்றதும் பழக்கதோஷத்தில் எஸ்.ஏ. 105 என்று எழுதிவிடுகிறார்கள். 105 பைப் ஃபிளாஞ்சுக்கும் ஃபிட்டிங்குக்கும் உரியது, டியூப்ஷீட் தன் எல்லைக்குள் வராது என்று அந்த ஸ்பெசிஃபிகேஷனே சொல்லிவிடுகிறது. அல்ட்ராசோனிக் சோதனைக்கு பிளேட்டுக்கு எஸ்.ஏ. 578, ஃபோர்ஜிங்குக்கு எஸ்.ஏ. 388 என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எண்ணோடும் ஏற்பு அளவோடும் எழுதுங்கள். "யூ.டி. செய்யவும்" என்று மொட்டையாக எழுதினால் எதையாவது செய்து சான்றிதழ் வந்துவிடும்.

கேள்வி: டியூப்கள் 316எல் ஸ்டெயின்லெஸ். செலவைக் குறைக்க டியூப்ஷீட்டைக் கார்பன் ஸ்டீலில் செய்யலாமா? கிளாடிங் என்கிறார்களே, அது எப்போது?

டியூபுக்கு உள்ளே ஒரு திரவம், வெளியே ஒன்று. டியூப்ஷீட்டுக்கு ஒவ்வொரு முகத்திலும் ஒன்று. உங்களிடம் 316எல் தேவைப்படுத்துவது எந்தப் பக்கத்துத் திரவம்? ஷெல் பக்கத் திரவம் என்றால் கார்பன் ஸ்டீல் தகட்டில் டியூப் பக்கம் கிளாடிங், அதாவது அரிக்காத உலோகப் போர்வை, போட்டுப் பயனில்லை, அரிப்பு பின்பக்கத்திலிருந்து வரும். அங்கே முழு ஸ்டெயின்லெஸ் தகடுதான் சுலபம். டியூப் பக்கத் திரவம்தான் காரணம், ஷெல் பக்கம் நீராவியோ சுத்தமான எண்ணெயோ என்றால் கார்பன் ஸ்டீல் உடம்பும் டியூப் பக்க முகத்தில் ஸ்டெயின்லெஸ் போர்வையும் நல்ல தீர்வு. தகடு தடிமனாக ஆக மிச்சம் கூடும். மெல்லிய தகட்டில் கிளாடிங் கூலியே மிச்சத்தைத் தின்றுவிடும்.

போர்வை எவ்வளவு தடிமன்? டீமா இதைத் தெளிவாகச் சொல்கிறது. டியூபை வெல்ட் செய்வதாக இருந்தால் குறைந்தது 3.2 மி.மீ., வெறும் எக்ஸ்பான்ஷன் (டியூபை உள்ளிருந்து விரித்துத் துளைச் சுவரோடு இறுக்குவது) மட்டும் என்றால் 8 மி.மீ. வெல்ட் இருந்தால் திரவம் மேலேயே நின்றுவிடும். வெல்ட் இல்லாவிட்டால் டியூபுக்கும் தகட்டுக்கும் நடுவே அடைப்பு கிடைக்கும் அளவு நீளம் நல்ல உலோகத்திலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரவம் போர்வையைத் தாண்டி அடியில் இருக்கும் கார்பன் ஸ்டீலைத் தொட்டுவிடும்.

செய்யும் வழி இரண்டு, வெடிமருந்தால் அறைந்து ஒட்டிய கிளாட் பிளேட் அல்லது முகத்தில் வெல்ட் உலோகத்தையே அடுக்கும் வெல்ட் ஓவர்லே. ஓவர்லேயில் முதல் அடுக்கு அடியிலுள்ள கார்பன் ஸ்டீலோடு கலந்து நீர்த்துப்போகும். அதனால் 309எல் ஒரு அடுக்கு, அதன் மேல் 316எல் அடுக்கு என்று போடுவார்கள். மெஷின் செய்தபிறகு மேலே மிஞ்சுவது இரண்டாவது அடுக்காக இருக்க வேண்டும், வேதியியல் சோதனையையும் அந்த முகத்தில்தான் எடுக்க வேண்டும். ஒரே முகத்தில் அவ்வளவு வெல்ட் ஏற்றினால் தகடு கிண்ணம் போல வளையும், எனவே மெஷினிங் அலவன்ஸை அதற்கேற்ப விடுங்கள். துளை போடுவது ஓவர்லே, ஸ்ட்ரெஸ் ரிலீஃப் (சூடேற்றி உள் இறுக்கத்தைத் தளர்த்துவது), முக மெஷினிங் எல்லாம் முடிந்த பிறகே. டைட்டானியத்தில் ஓவர்லே பேச்சே இல்லை. இரும்போடு சேர்த்து உருக்கினால் நொறுங்கும் கலவைதான் கிடைக்கும், அங்கே வெடிமருந்து கிளாடிங்தான் வழக்கமான வழி, அல்லது முழு டைட்டானியத் தகடு.

கடல்நீர் கண்டென்சர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. பழைய பித்தளை டியூபைக் கழற்றி டைட்டானியம் மாட்டிவிட்டு நேவல் பிராஸ் டியூப்ஷீட்டை அப்படியே விட்டால் மின்வேதி அரிப்பில் பலியாவது டியூப்ஷீட்தான். டியூப்களின் உட்பரப்பு மிகப் பெரிது, தகட்டின் முகம் சிறிது, அத்தனை மின்னோட்டமும் அந்தச் சிறிய முகத்தில், அதுவும் டியூப் வாயைச் சுற்றிக் குவியும். கத்தோடிக் பாதுகாப்பு (தகடு அரிக்காதபடி மின்னோட்டம் செலுத்துவது) வைக்கலாம். ஆனால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தாமல் ஒப்பீட்டுக்கு வைக்கும் கலோமெல் மின்முனை அளவில் மைனஸ் 0.75 வோல்ட்டுக்கும் கீழே தள்ளினால் டைட்டானியம் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் நிலைக்குப் போகலாம்.

கேள்வி: முக்கோணப் பிட்சா, சதுரப் பிட்சா?

ஷெல் பக்கம் அழுக்கு சேருமா, குச்சியோ ஜெட்டோ விட்டு டியூப் வெளிப்புறத்தைக் கழுவ வேண்டுமா? சதுரம். வரிசைகளுக்கு நடுவே 6.4 மி.மீ. நேர்ப்பாதை இருக்கட்டும். கழுவத் தேவையில்லை என்றால் முக்கோணம், அதே பரப்பில் சுமார் 15 சதவீதம் அதிக டியூப் அடங்கும். இரண்டிலும் பிட்ச் டியூப் வெளிவிட்டத்தின் 1.25 மடங்குக்குக் குறையக் கூடாது. டியூப் கட்டான பண்டிலை வெளியே இழுக்கவே முடியாத ஃபிக்ஸட் எக்ஸ்சேஞ்சரில் "சுத்தம் செய்ய வசதியாக" சதுரப் பிட்ச் போட்ட டிராயிங்குகள் வருகின்றன. உள்ளே போய் யார் கழுவுவார்கள்?

கேள்வி: மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர் நான். 19.05 மி.மீ. டியூபுக்கு டிராயிங்கில் துளை 19.30. கொஞ்சம் துளைகள் 19.40 வந்துவிட்டன. தகட்டை ஒதுக்கச் சொல்கிறார்கள். வெறும் 0.1 மி.மீ.க்கா இந்தப் பாடு சார்?

வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 0.1ஐ "வெறும்" என்று சொல்லக்கூடிய இடம் இது இல்லை. டியூபுக்கும் துளைக்கும் மொத்த இடைவெளியே 0.25தான். ஆனாலும் உங்கள் தகடு தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது. 19.05 டியூபுக்கு டீமா சொல்லும் சாதாரண அளவு 19.30. கீழே 0.10 வரை குறையலாம். மேலே, 96 சதவீதத் துளைகள் 0.05க்குள் நிற்க வேண்டும், மிச்சமுள்ள 4 சதவீதம் 0.25 வரை போகலாம். அதாவது 800 துளையுள்ள தகட்டில் 32 துளைகள் வரை 19.35ஐத் தாண்டி 19.55க்குள் இருந்தால் டீமாப்படி ஏற்கலாம். எனவே முதலில் எண்ணுங்கள். வாங்குபவரின் ஸ்பெசிஃபிகேஷன் இதைவிடக் கறாராக இருந்தால் அதுதான் செல்லும், அதையும் பாருங்கள். அந்த 32ம் ஒரே மூலையில் குவிந்திருந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எனக்குத் திருப்தி வராது. டிரில் முனை மழுங்கிப்போய் யாரும் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அங்கே மற்ற குறைகளும் இருக்கும்.

ஏன் இந்தக் கறார்? டியூபை எக்ஸ்பாண்ட் செய்யும்போது (வழக்கமாக உருளைக் கருவியை உள்ளே விட்டு உருட்டி விரிப்பது) அது முதலில் காலி இடைவெளியைத் தாண்டிப் போய்த் துளைச் சுவரைத் தொட வேண்டும், அதன் பிறகுதான் பிடிப்பே ஆரம்பிக்கிறது. இடைவெளி பெரிதானால் தொடுவதற்கு முன்பே டியூப் விரிந்து விரிந்து கடினப்பட்டுவிடும். ஸ்டெயின்லெஸ் சீக்கிரம் கடினமாகிற ஜாதி, அதனால்தான் அதற்கு 19.25 என்ற நெருக்கமான பொருத்தத்தைக் கேட்கிறார்கள், அதில் கீழே 0.05 மட்டுமே அனுமதி.

விட்டம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. என்னைக் கேட்டால் விட்டத்தைவிடப் பொல்லாதது துளைக்குள் நீளவாக்கில் விழும் கீறல். டிரில்லையோ, துளையை இறுதி அளவுக்குச் செதுக்கும் ரீமரையோ வெளியே எடுக்கும்போது சில்லு சிக்கி ஒரு கோடு இழுத்துவிட்டால், அது ஷெல் பக்கத்திலிருந்து டியூப் பக்கத்துக்குப் போட்ட நேர்வழி. எத்தனை முறை உருட்டினாலும் டியூப் அந்தக் கோட்டின் அடிவரை இறங்காது. குறுக்கே வட்டமாக விழும் மெல்லிய கருவித் தடம் தொந்தரவு செய்வதில்லை. எனவே சில்லு நன்றாக வெளியேறும் கருவி, தாராளமான கூலண்ட், கடைசியில் ரீமரோ நல்ல ஃபினிஷ் தரும் கார்பைடு டிரில்லோ. ஆழத் துளைகளில் சில்லைக் கருவியின் நடுவழியாகவே வெளியே தள்ளும் பி.டி.ஏ. முறை தரும் நேர்மையும் வழவழப்பும் சாதாரண ட்விஸ்ட் டிரில்லில் வராது.

துளை விலகுவதையும் அளந்து பாருங்கள். டிரில் நுழையும் முகத்தில் எல்லாம் அழகாக இருக்கும், வெளிவரும் முகத்தில்தான் லிகமென்ட் சுருங்கியிருக்கும். டீமா தரும் டிரில் விலகல் அளவு, தகட்டின் தடிமனை டியூப் விட்டத்தால் வகுத்து வருவதை 0.0016 அங்குலத்தால் பெருக்கினால் கிடைப்பது. 75 மி.மீ. தகட்டில் 19.05 டியூப் என்றால் 0.16 மி.மீ., 150 மி.மீ. தகட்டில் 0.32. கோ, நோ-கோ கேஜை (சரியான துளையில் ஒரு முனை நுழைந்து மறுமுனை நுழையாத அளவி) இரண்டு முகத்திலிருந்தும் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஷாப்புகளில் சகஜம்.

குரூவ் விஷயம். 16 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள டியூப்களுக்கு, எக்ஸ்பாண்டட் இணைப்பு என்றால் துளைக்குள் குறைந்தது இரண்டு வட்டக் குரூவ், ஒவ்வொன்றும் சுமார் 3 மி.மீ. அகலம், 0.4 மி.மீ. ஆழம். டியூபின் உலோகம் அதற்குள் பிதுங்கி உட்கார்ந்து, உருவிக்கொண்டு வராமல் பிடிக்கும். ஹைட்ராலிக் முறையில் விரிக்கப்போகிறீர்கள் என்றால் இந்த 3 மி.மீ. குரூவ் குறுகல், அகலமாக வெட்ட வேண்டும், டிசைனரிடம் முன்கூட்டியே கேளுங்கள். குரூவ் ஓரத்துப் பிசிறையும் ஷெல் பக்கத் துளை விளிம்பின் கூர்மையையும் எடுத்துவிடுங்கள், அந்தக் கூர்மை டியூபை உள்ளே தள்ளும்போது கீறி, ஓடும்போது அதிர்வில் அறுக்கும். அப்புறம் எண்ணெய். கட்டிங் ஆயிலைக் கரைப்பானால் துடைத்து வெள்ளைத் துணியில் கறை வராத வரை சுத்தம் செய்யாமல் டியூப் போட விடாதீர்கள்.

ஷெல்லுக்குள் டியூப்களைத் தாங்கி நிற்கும் குறுக்குத் தகடான பாஃபிளின் துளையை டியூப்ஷீட் துளையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பாஃபிளில் டியூப் விட்டத்தைவிட 0.8 மி.மீ. பெரிதாக இருக்கலாம், டியூபின் தாங்கல் இல்லாத நீளம் 914 மி.மீ.யைத் தாண்டினால் 0.4 மட்டும். டியூப் 31.8 மி.மீ.க்கு மேல் என்றால் நீளம் எதுவானாலும் 0.8.

கேள்வி: டியூப் எக்ஸ்பான்ஷனில் 5 சதவீதம், 8 சதவீதம் என்கிறார்களே, எதில் 5 சதவீதம்? எப்படி அளப்பது?

டியூபின் சுவர்த் தடிமனில். துளைக்குள் சுவரை நேரடியாக அளக்க வழியில்லை, உள்விட்டத்தை அளந்து கணக்கில் எடுக்கிறோம். 19.05 டியூப், சுவர் 2.11 என்று வையுங்கள். உள்விட்டம் 14.83. துளை 19.30, எனவே இடைவெளி 0.25. சுவர் இரண்டு பக்கமும் சேர்ந்து 4.22, அதில் 5 சதவீதம் 0.21. மூன்றையும் கூட்டினால் 15.29, இதுதான் உருட்டி முடித்தபின் வர வேண்டிய உள்விட்டம். 8 சதவீதத்துக்கு 15.42. குறைவுக்கும் அதிகத்துக்கும் நடுவே இருப்பது வெறும் 0.13 மி.மீ.தான். இப்போது மேலே அந்த சூப்பர்வைசர் கேட்ட 0.1க்குத் திரும்பிப் போங்கள். துளை 19.40 என்று தெரியாமல் 15.29க்கே உருட்டினால் உண்மையில் கிடைத்திருப்பது 3 சதவீதம்கூட இல்லை.

ஆகவே டிராயிங்கில் போட்ட துளை அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அளந்த துளை அளவை வையுங்கள். டியூபையும் அளந்து பாருங்கள், சுவர்த் தடிமன் ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் மாறும்.

எத்தனை சதவீதம் என்பதை மாதிரித் துண்டில் செய்துபார்த்து முடிவெடுப்பதே முறை. கார்பன் ஸ்டீலில் 6 முதல் 8 வரை சாதாரணம், ஸ்டெயின்லெஸுக்கும் டைட்டானியத்துக்கும் பொதுவாக 5ஐச் சுற்றி நிறுத்துவார்கள். டியூபைவிடத் தகடு கொஞ்சம் கடினமாக இருக்க வேண்டும் என்பதும் இங்கேதான் வருகிறது. உருட்டுக் கருவியை எடுத்ததும் துளை மீள்விசையில் சுருங்கி, நிரந்தரமாக விரிந்துவிட்ட டியூபை நெருக்கிப் பிடிக்க வேண்டும். தகடு இளகியதாகவும் டியூப் கடினமாகவும் இருந்தால் நடப்பது தலைகீழ், டியூப் சுருங்கி விலகும். டியூப் ஆர்டரில் உச்சக் கடினத்தன்மையையும் எழுதுங்கள்.

நீளத்தில் ஒரு எல்லை உண்டு. ஷெல் பக்க முகத்துக்கு 3 மி.மீ. முன்பே உருட்டலை நிறுத்துங்கள். ஒரு நூல் தாண்டினாலும் டியூப் தகட்டுக்கு வெளியே பிதுங்கும், அந்த மடிப்பிலேயே பின்னாளில் வெடிக்கும், டியூபை மாற்ற நினைத்தாலும் உருவ முடியாது. ஹைட்ராலிக் எக்ஸ்பான்ஷனுக்கு மேலே சொன்ன சதவீதக் கணக்கு பொருந்தாது. அங்கே சுவர் நசுங்குவதில்லை, தண்ணீர் அழுத்தம்தான் அளவுகோல்.

கேள்வி: முதலில் வெல்டிங்கா, முதலில் ரோலிங்கா? எங்கள் ஷாப்பில் இரண்டு கட்சி.

நான் வெல்டிங் கட்சி. முதலில் உருட்டி அடைத்துவிட்டு வெல்ட் செய்தால், இடுக்கில் சிக்கிய காற்றும் ரோலிங் எண்ணெயின் மிச்சமும் சூடாகி வெளியேற வழியில்லாமல் வெல்ட் வழியாகவே கொப்பளிக்கும், ஊசித்துளை நிச்சயம். டியூபை நடுவில் நிறுத்த லேசாகத் தட்டிவிடுவது பரவாயில்லை. வெல்ட் செய்து, டை பெனட்ரன்ட் (சாயம் ஊறவிட்டு வெடிப்பு காணும் சோதனை) பார்த்து, ஷெல் பக்கம் குறைந்த அழுத்தக் காற்று விட்டு சோப்பு நுரையில் ஒழுக்கு பார்த்து, அப்புறம் வெல்டிலிருந்து சில மி.மீ. தள்ளி உருட்டலை ஆரம்பியுங்கள். காற்றுச் சோதனையை உருட்டிய பிறகு செய்தால் உருட்டல் ஒழுக்கை மறைத்துவிடும், வெல்ட் நல்லதா இல்லையா என்று தெரியாமலே போகும்.

டிராயிங்கில் அது சீல் வெல்டா, ஸ்ட்ரெங்த் வெல்டா என்று தெளிவாக எழுதியிருக்கட்டும். சீல் வெல்ட் ஒழுக்கை மட்டும் தடுக்கிறது, சுமையை எக்ஸ்பான்ஷன்தான் தாங்குகிறது. ஸ்ட்ரெங்த் வெல்ட் என்றால் அதன் அளவுக்குக் கோடில் கணக்கு உண்டு. ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவில் டியூப்-டியூப்ஷீட் மாக்-அப் (மாதிரி இணைப்பு) முறையில் தகுதிச் சோதனை கேட்டிருந்தால் புரொசீஜருக்கு 10 இணைப்புகள், வெல்டருக்கு 5. மாக்-அப்பை உண்மையான பிட்சிலேயே செய்யுங்கள். டார்ச் போக இடமில்லாத நெருக்கத்தில்தான் வெல்டரின் கை தெரியும்.

கேள்வி: இரண்டு திரவமும் கலக்கவே கூடாது என்றால் டபுள் டியூப்ஷீட் போட்டால் போதுமா?

போதும், நடு இடைவெளியைத் திறந்து வைத்தால். இரண்டு தகடுகளுக்கும் நடுவே வெண்ட், டிரெயின் வைத்து, ஒழுகினால் வெளியே தெரியும்படி விடுங்கள். உள் தகட்டில் முகத்தில் வெல்ட் செய்யக் கை போகாது, எக்ஸ்பான்ஷன் மட்டும்தான், அதனால் அங்கே துளை வேலை இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு தகடும் வெவ்வேறு வெப்பநிலையில் வெவ்வேறு அளவு விரியும், இடைவெளி மிகக் குறுகினால் நடுவில் மாட்டிய டியூப் வெட்டுவிசையில் வளையும்.

கேள்வி: செங்குத்தாக நிற்கும் எக்ஸ்சேஞ்சர், ஷெல் பக்கம் கூலிங் வாட்டர், டியூப் 304. மேல் டியூப்ஷீட்டுக்கு அடியில் மட்டும் டியூப்கள் வெடிக்கின்றன. கீழே ஒன்றுமில்லை. மெட்டீரியல் குறையா?

மெட்டீரியலைத் திட்டுவதற்கு முன் வெண்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஷெல்லின் மேல் நாசில் தகட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்க முடியும், அதற்கு மேலே காற்று சிக்கி நிற்கும். அங்கே டியூப் நனைவதும் காய்வதுமாக இருக்க, தண்ணீரிலுள்ள குளோரைடு ஒவ்வொரு முறையும் படிந்து செறிவடையும். சூடு, இழுவிசை, குளோரைடு மூன்றும் சேர்ந்தால் 304க்கு ஸ்ட்ரெஸ் கரோஷன் வெடிப்பு எதிர்பார்க்க வேண்டியதுதான், உருட்டல் முடியும் இடத்தில் இழுவிசை ஏற்கெனவே தங்கியிருக்கிறது.

புதிதாகச் செய்வதாக இருந்தால் டியூப்ஷீட்டின் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு துளை போட்டு, அதை ஷெல் பக்க முகத்தில் திறந்து, காற்று அங்கிருந்தே வெளியேற வழி செய்யுங்கள். தகட்டைத் துளையிடும்போதே செய்தால் சின்ன வேலை. முடிந்தால் தண்ணீரை டியூப் பக்கம் மாற்றுங்கள். இரண்டும் முடியாது என்றால் டியூபை டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸுக்கு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: மெயின்டெனன்ஸில் இருக்கிறேன். ஒழுகும் டியூபை மறுபடி உருட்டினோம், நின்றது. அடுத்த வாரம் பக்கத்து டியூப் ஒழுகுகிறது. அதை உருட்டினால் அதற்குப் பக்கத்தில். இதற்கு முடிவே இல்லையா?

முதலில் கருவியைக் கீழே வையுங்கள். ஒரு துளையை அளவுக்கு மீறி விரித்தால் நடுவிலுள்ள லிகமென்ட் நகரும், பக்கத்துத் துளை முட்டை வடிவாகும், அங்கிருந்த பிடிப்பு தளரும். அதைச் சரிசெய்ய அதையும் உருட்டுகிறீர்கள். டியூபின் உட்புறம் செதில் செதிலாக உரிந்திருக்கிறதா, உள்விட்டம் மேலே சொன்ன கணக்கைத் தாண்டிவிட்டதா என்று அளந்து பாருங்கள். தாண்டியிருந்தால் இனி உருட்டிப் பயனில்லை. கடினப்பட்ட டியூப் இன்னும் மெலியும், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் ஒரு டியூபை உருவிப் பாருங்கள். துளைக்குள் நீளக் கீறலா, திரவம் ஓடி அரித்த வாய்க்காலா, குரூவ் மழுங்கிவிட்டதா என்று தெரியும். வாய்க்கால் விழுந்திருந்தால் அந்தத் துளையை ரீமரில் சுத்தம் செய்து புது டியூப் போடுவது அல்லது பிளக் அடித்து டியூபை அடைத்துவிடுவது, இரண்டில் ஒன்று. ரீம் செய்தால் புதிய துளை அளவை எழுதிவைத்து, அந்த அளவுக்கே உருட்டல் கணக்கைப் போடுங்கள்.

பிளக் அடிக்கும்போது இரண்டு முனையிலும் அடிக்க வேண்டும், டியூபோடு ஒத்துப்போகும் உலோகத்தில் அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் அந்த டியூபைத் துளைத்து ஷெல் பக்கம் திறந்துவிடுங்கள். மூடிய டியூபுக்குள் திரவம் சிக்கிச் சூடானால் அழுத்தம் ஏறி பிளக் குண்டு போலப் பாயும், முன்னால் நிற்பவர் கதி அவ்வளவுதான். ஃபிக்ஸட் எக்ஸ்சேஞ்சரில் ஒரே இடத்தில் கொத்தாகப் பிளக் அடிப்பதையும் தவிருங்கள். அடைத்த டியூப்கள் ஷெல் பக்கத்துச் சூட்டுக்கே போய்விடும், பக்கத்தில் ஓடுபவை வேறு சூட்டில் இருக்கும், அந்த நீள வித்தியாசம் மறுபடி சுற்றியிருக்கும் இணைப்புகளைத்தான் இழுக்கும். எந்த டியூப், எந்தத் தேதி, உருட்டியது எத்தனையாவது முறை, உள்விட்டம் எவ்வளவு என்று டியூப்ஷீட் வரைபடத்தின் நகலில் குறித்துக்கொண்டே வாருங்கள். அடுத்த ஷட்டவுனுக்குள் அந்தப் படம் ஒரு பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தால் புது பண்டிலுக்கு இப்போதே ஆர்டர் போடுங்கள், ஃபோர்ஜிங் வர மாதக்கணக்காகும் என்று மேலே ஒரு வாசகர் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.